161ஆம் துறை

கொழும்புத் தலைமையகம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறது:
மூன்று பதிப்புகளுக்கும் ஒப்பீட்டு அட்டவணை,
ஒரே பக்கத்தில்,
முடிவுரை சிவப்பில்.

கொட்பே மீன் குளிரறைக்குப் பின்னால்
ஏசி ஒழுகும் இந்தச் சின்ன அறையில்
பதினொரு சுவிச், இரண்டு ரௌட்டர், ஒரு கிழட்டு யுபிஎஸ்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால்
எல்லாரையும் கூப்பிட்டுச் சுகம் விசாரிக்கும் என் சர்வர்.
விசாரிப்பு போய் இறங்கும் துறைக்கு இலக்கம் நூற்று அறுபத்தொன்று.
வெளியே ரோலர்கள் வந்து கட்டும் துறைக்கு
வெறும் நாற்றம்தான் அடையாளம்.

முதலாம் பதிப்பு வாசலில் நின்று கேட்பது
எந்தச் சமூகம் என்று.
நான் சோடிக்கவில்லை, கையேட்டிலேயே சொல் அதுதான்.
பப்ளிக் என்றால் திறக்கும்.
யார் சொன்னாலும் திறக்கும்.
சொன்ன சொல் கம்பி வழியே துணியில்லாமல் போகும்,
நடுவில் காது வைத்தவன்
அடுத்த நிமிடம் அதே சமூகம்.

அதற்கு நானூற்று இருபத்தொன்பது கோடி சொச்சத்துக்கு மேல்
எண்ணத் தெரியாது. நிறைந்தால் பூச்சியம்.
கேமராக்கள் பூட்டிய கிழமை
ஒரே பின்னேரத்தில் மூன்று தடவை எல்லாவற்றையும் மறந்தது.
எவ்வளவு கடந்து போனது என்று கேட்டேன்.
சின்ன எண் ஒன்றைச் சொன்னது, முகம் மாறாமல்.
அப்படிச் சொன்ன அலுவலகங்கள் சிலதின் படிக்கட்டு
எனக்குப் பாடம்.

இரண்டாம் பதிப்பின் வாலில் ஒரு சீ.
"அது என்ன சீ?" என்றாள் ரிஸ்மினா.
கொம்யூனிட்டி, என்றேன்.
"அப்ப சீ எண்டது சரிதான்."

குறை சொல்லக்கூடாது.
இப்போது எண்ணி நிறைய என் ஆயுள் காணாது.
ஒவ்வொன்றாய்க் கேட்காமல்
கரைவலை இழுத்த மாதிரி அள்ளிக் கேட்கலாம்.
முன்பு அபாயம் என்று ஒருமுறை கத்திவிட்டுப்
பேசாமல் இருந்த பெட்டிக்கு
கேட்டேன் என்று மறுமொழி வராவிட்டால்
இன்னொருமுறை கத்தவும் தெரியும்.
அண்ணாவுக்காக நான் எழுதிய எட்டு மனுவும் பழைய வகை.
அனுப்பியதற்குத் துண்டு இருக்கிறது.

ஆனால் வாசலில் கேள்வி மாறவில்லை.

மூன்றாவது
முதலில் தன்னைச் சொல்கிறது:
இது என் இலக்கம்,
இத்தனை தரம் விழுந்து எழும்பினேன்,
கடைசியாய் எழும்பி இத்தனை செக்கன்.
பிறகுதான் கேட்கிறது, நீ யார்.
பெயர் வேண்டும். இரகசியம் வேண்டும்,
அதை வாயால் சொல்லாதே,
தெரிந்தவள்தான் என்று காட்டு.
நூற்றைம்பது செக்கனுக்கு மேல் கணக்குப் பிசகினால்
பழைய பேச்சோடு வராதே என்று திருப்பிவிடும்.

குறைகள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஓர் ஆளை ஓர் ஆளாக அறிய
நேரம் பிடிக்கும்.

நேற்று இரவு இரண்டு பத்துக்குத் திருமலை முழுக்க இருட்டு.
உறையிட்டுப் பேசப் பழகிய சுவிச்சுகள்
எழும்பும் முன்னே
யுபிஎஸ் கத்தியது, பழைய பாஷையில், ஒரே ஒருமுறை:
பற்றரி முடியுது.
அது என் தொலைபேசிவரை வந்தது அதிர்ஷ்டம்,
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஸ்கூட்டியில் போனேன். கேற்றில் புதிய காவலாளி.
அடையாள அட்டையில் ஓடிய டோர்ச்
என் பெயரின் கடைசி எழுத்தில் நின்றது.
ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.
பதில் அங்கேயே துணியில்லாமல் கிடந்தது.

உள்ளேயிருந்து ரிஸ்மினா கத்தினாள், சிங்களத்தில்:
"அது மங்கை. விடு, மீன் உருகுது."

மறை பதினொன்றில் பிடித்தோம்.
பாரை, சூரை, அறக்குளா
எல்லாம் கல்லாய்க் கிடந்தன.

காலையில் சிவப்பில் அடித்தேன்:
மூன்றாம் பதிப்பு பரிந்துரைக்கப்படுகிறது.
யுபிஎஸ் நீங்கலாக.